மைனஸ் 40 டிகிரியில் வாழப் பழகிய ஆடுகள் ஏன் சாகின்றன? மங்கோலியாவின் ‘ட்ஸுட்’ குளிர்காலம்

2023-24 குளிர்காலத்தில் மங்கோலியாவில் 70 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் செத்துப்போயின. அந்த நாட்டின் மக்கள்தொகையே ஏறத்தாழ 35 லட்சம்தான். பனியில் பாதி புதைந்து, கால் விறைத்துக் கிடந்த செம்மறிகளின் படங்கள் உலகம் முழுக்க வெளியாயின. ‘கடும் குளிருக்குக் கால்நடைகள் பலி’ என்பதுதான் பெரும்பாலான செய்திகளின் சாரம்.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. மங்கோலியாவில் ஜனவரி இரவுகள் மைனஸ் 30, மைனஸ் 40 டிகிரிக்குப் போவது வழக்கம். தலைநகர் உலன்பத்தார், உலகத் தலைநகரங்களிலேயே மிகக் குளிரானது. அந்த ஆடுகளும் மாடுகளும் எத்தனையோ தலைமுறைகளாக அதே குளிரில் ஈன்று, வளர்ந்து, பெருகி வந்தவை. அப்படியிருக்க, சில ஆண்டுகளில் மட்டும் ஏன் மந்தை மந்தையாகச் சாகின்றன?

அவற்றில் பெரும்பாலானவற்றைக் கொன்றது பசி. அந்தப் பசிக்கு விதை விழுந்தது முந்தைய ஜூலை மாதத்தில். பனி அதன் கடைசிக் கட்டம் மட்டுமே. அதற்கு முன்னால் வறட்சி, கடன், கம்பளிச் சந்தை, 1990-க்குப் பிறகு கலைக்கப்பட்ட கூட்டுப்பண்ணைகள் என்று ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது.

## எட்டு மாதம் காய்ந்த புல்

மங்கோலியா தமிழ்நாட்டைப் போல 12 மடங்கு பெரிய நாடு. அதன் பெரும்பகுதி புல்வெளி அல்லது அரைப்பாலைவனம். உலன்பத்தாரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 250 மில்லிமீட்டர். சென்னையில் ஒரு நல்ல நவம்பர் மாதம் அதைவிட அதிகம் கொட்டிவிடும். அந்தக் கொஞ்ச மழையும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான். பச்சைப் புல் முளைப்பது அந்த மூன்று, நான்கு மாதங்களில் மட்டும். மீதி எட்டு மாதமும் கால்நடைகள் தின்பது நின்றபடியே காய்ந்துபோன புல்லை.

செம்மறி, வெள்ளாடு, மாடு, குதிரை, இரட்டைத் திமில் ஒட்டகம் ஆகிய ஐந்தையும் மங்கோலியர்கள் ‘ஐந்து மூக்குச் செல்வம்’ என்பார்கள். யாக் மாட்டுக் கணக்கில் சேரும். இவற்றைத் தொழுவத்தில் கட்டிவைத்துத் தீவனம் போட்டு வளர்க்கும் வழக்கம் மிகக் குறைவு. குளிர்காலத்திலும் காலையில் அவிழ்த்து விட்டால், பனியைக் கிளறி அடியில் இருக்கும் காய்ந்த புல்லைத் தின்றுவிட்டு, பொழுது சாய்வதற்குள் பட்டிக்குத் திரும்பும்.

இது நடப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பனி மெல்லியதாக இருக்க வேண்டும். வழக்கமான ஆண்டில் அப்படித்தான் இருக்கும். குளிர்காலம் முழுவதும் சைபீரிய உயரழுத்தம் எனப்படும் கனத்த, வறண்ட குளிர்காற்றுத் திரள் மங்கோலியாவின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கடல்மட்ட அளவுக்குக் கணக்கிட்டால், உலகில் இதுவரை பதிவான மிக அதிக வளிமண்டல அழுத்தங்களில் சில இந்த நாட்டின் டோசோந்செங்கெல் என்ற சிற்றூரில் பதிவானவை. அழுத்தம் அதிகமாக இருந்தால் மேகம் திரளாது. வானம் துலக்கமாக இருக்கும், குளிர் கடுமையாக இருக்கும், பனி குறைவாகவே விழும். மைனஸ் 40 டிகிரியில் மேய்ச்சல் நடப்பதன் ரகசியம் இதுதான்.

## ‘ட்ஸுட்’ என்றால் என்ன?

கால்நடைகள் மேய முடியாமல் பெருமளவில் சாகும் குளிர்காலத்தை மங்கோலிய மொழியில் ‘ட்ஸுட்’ என்கிறார்கள். பனிப்புயலுக்கு அங்கே வேறு சொல் இருக்கிறது. ட்ஸுட் என்பது வானிலையின் பெயராக இல்லாமல், வானிலையால் மந்தைக்கு நேர்ந்த கதியின் பெயராக இருக்கிறது. அதனால்தான் அதில் இத்தனை வகைகள்:

1. வெள்ளை ட்ஸுட்: ஆழமான பனி புல்லை மூடிவிடும். குதிரை குளம்பால் பனியைத் தோண்டும். செம்மறியும் ஓரளவு தோண்டும். மாட்டுக்கு அந்தப் பழக்கம் கிடையாது, மூக்கால் தள்ளித்தான் மேயும். அதனால் மேய்ப்பர்கள் குதிரைகளை முன்னால் விட்டுப் பனியை உடைத்து, அந்தத் தடத்தில் மற்றவற்றை மேய விடுகிறார்கள்.

2. கருப்பு ட்ஸுட்: பனியே விழாத குளிர்காலம். நமக்கு இது விசித்திரமாகப் படலாம். ஆறும் கிணறும் உறைந்து கிடக்கும்போது கால்நடைக்குப் பனிதான் தண்ணீர். அதுவும் இல்லையென்றால் தாகத்தில் சாகும்.

3. இரும்பு ட்ஸுட்: விழுந்த பனி இடையில் ஒருநாள் வெயிலில் இளகி, மறுபடி உறைந்து, தரையை மூடிய கண்ணாடித் தகடாகிவிடும். குளம்பாலும் உடைக்க முடியாது. உடைத்தால் விளிம்பு கணுக்காலைக் கிழிக்கும். கீழே புல் கண்ணுக்குத் தெரிந்தும் வாய்க்கு எட்டாது.

4. குளிர் ட்ஸுட்: பல நாள் விடாமல் அடிக்கும் கொடுங்குளிரும் காற்றும். மேயப் போனால் மேய்ச்சலில் கிடைப்பதைவிட உடம்பு எரிப்பது அதிகம்.

5. குளம்பு ட்ஸுட்: பனி இல்லாத இடத்தைத் தேடி எல்லாரும் ஒரே பகுதிக்கு மந்தைகளை ஓட்டிவர, அங்கிருந்த புல்லும் மிதிபட்டுத் தீர்ந்துபோவது.

ஒரே குளிர்காலத்தில் இவற்றில் இரண்டோ மூன்றோ சேர்ந்து வருவதும் உண்டு. பெரிய சாவுகள் நடந்த ஆண்டுகளெல்லாம் அப்படிப்பட்டவையே.

## ஆட்டின் உடம்புக்குள் ஒரு கணக்கு

குளிர் நேரடியாகக் கொல்வதில்லை என்றால், வேறு என்னதான் நடக்கிறது? அசைபோடும் விலங்கின் இரைப்பை ஒரு நொதிக்கலன். உள்ளே போன புல் நொதிக்கும்போது வெப்பம் உண்டாகிறது. வயிறு நிறைந்த ஆடு தனக்குள்ளேயே ஓர் அடுப்பைச் சுமந்து திரிகிறது எனலாம். மேலே கம்பளி, அடியில் கொழுப்பு, நடுவில் அடுப்பு. இந்த மூன்றும் சரியாக இருந்தால் மைனஸ் 40 அதற்குத் தாங்கக்கூடிய குளிர்தான்.

புல் கிடைக்காமல் போனதும் சரிவு இப்படி நடக்கிறது:

1. வயிறு காலியாகிறது, அடுப்பு தணிகிறது. உடல்வெப்பத்தைக் காக்கக் கொழுப்பைக் கரைக்க வேண்டியிருக்கிறது.

2. தாகத்துக்குப் பனியைத் தின்கிறது. மைனஸ் 20 டிகிரியில் உள்ள ஒரு கிலோ பனியை 0 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 10 கிலோ கலோரி, உருக்க 80, அந்தத் தண்ணீரை ஆட்டின் உடல்வெப்பமான 39 டிகிரிக்கு ஏற்ற இன்னொரு 39. ஆக, ஒரு கிலோ பனிக்கு ஏறத்தாழ 130 கிலோ கலோரி செலவு. வயிறு நிறைந்த ஆட்டுக்கு இது பெரிதில்லை. பட்டினி கிடக்கும் ஆட்டுக்கு ஒவ்வொரு வாயும் கையிருப்பிலிருந்து எடுப்பதுதான்.

3. கொழுப்பு தீர்ந்தபின் தசை கரையத் தொடங்குகிறது. மேயப் போகவே தெம்பிருக்காது.

4. பிப்ரவரி, மார்ச்சில் பெட்டை ஆடுகள் நிறைசினையாக இருக்கும். வயிற்றில் குட்டி வளரும் வேகம் கூடும் நேரத்தில் தாயின் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை.

5. ஒரு காலையில் படுத்தது எழுவதில்லை.

சாவு எண்ணிக்கை உச்சத்துக்குப் போவது நடுக்குளிர்காலத்தில் இல்லை. பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில்தான். வெயில் திரும்பி, பனி இளகி, ‘இனி கவலையில்லை’ என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கும் நேரத்தில். தொலைக்காட்சிக் கேமராக்களும் அநேகமாக அதற்குள் திரும்பிப் போயிருக்கும்.

அந்த மாதங்களில் ஒரு பட்டியின் காலைப்பொழுது எப்படி இருக்கும்? குளிர்காலப் பட்டி, காற்று படாத தென்சரிவில், பலகையோ கல்லோ வைத்து எழுப்பியது. தரையில் பல ஆண்டு ஆட்டுப் புழுக்கை மிதிபட்டு இறுகி மெத்தை போலாகியிருக்கும். மந்தை அதன்மேல் படுக்கும், அதையே மண்வெட்டியால் கட்டிகளாக வெட்டிச் சுவருக்கு முட்டுக் கொடுப்பார்கள், அடுப்புக்கும் எரிப்பார்கள். விடிந்ததும் முதல் வேலை, எழ முடியாத மாடுகளை வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்துவது. சிலவற்றின் முதுகில் பழைய கம்பளித் துண்டைச் சட்டையாகக் கட்டியிருப்பார்கள். இரவில் பிறந்த குட்டிகளைக் கூடாரத்துக்குள் கொண்டுவந்து அடுப்பருகே கிடத்துவார்கள். செத்தவற்றைப் பட்டியின் பின்புறம் இழுத்துப்போய் அடுக்குவார்கள். தரை பாறையாக இறுகியிருப்பதால் புதைக்கக் குழி வெட்ட முடியாது. ஒவ்வோர் ஆட்டையும் அடையாளம் தெரிந்து வளர்த்தவர்கள் செய்யும் வேலை இது. 2010-ல் பனி இளகியபின், அழுகத் தொடங்கிய உடல்களைப் புதைப்பதற்காக மேய்ப்பர்களுக்கு நாள்கூலி கொடுக்கும் திட்டத்தை ஐ.நா. வளர்ச்சித் திட்டம் நடத்த வேண்டியிருந்தது. தன் மந்தையைத் தானே கூலி வாங்கிப் புதைத்த மனிதர்களை நினைத்துப் பாருங்கள்.

## ஜூலையில் தொடங்கும் குளிர்காலம்

மங்கோலியர்கள் குளிர்காலத்தில் ஒருவரையொருவர் சந்தித்தால் நலம் விசாரிப்பது ‘சைஹான் ஒவொல்ஜிஜ் பைன ஊ?’ என்று. ‘குளிர்காலம் நல்லபடியாகக் கழிகிறதா?’ என்று பொருள். அதற்கு நல்ல பதில் வர வேண்டுமானால் கோடை மழை நன்றாகப் பெய்திருக்க வேண்டும்.

கோடையில் மழை பொய்த்தால் மூன்று இழப்புகள் ஒன்றாக வருகின்றன. ஆடு போதிய கொழுப்பு பிடிக்காமல் இலையுதிர்காலத்துக்குள் நுழைகிறது. குளிர்காலத்துக்கென்று ஒதுக்கிவைக்கும் மேய்ச்சல் நிலத்தில் புல் நிற்பதில்லை. ஆகஸ்டில் அரிவாள் பிடித்து அறுத்துச் சேர்க்கும் வைக்கோலும் குறைகிறது. குறைந்ததை விலைக்கு வாங்கலாம் என்றால், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படுவதால் விலை ஏறிக் கிடக்கும்.

1999 முதல் 2002 வரை இதுதான் நடந்தது. வறண்ட கோடைகளும் கடுங்குளிர்காலங்களும் அடுத்தடுத்து வந்தன. 1999 கடைசியில் 3.3 கோடியாக இருந்த கால்நடைகள் 2002 கடைசியில் 2.4 கோடிக்கும் கீழே போயின. அதன்பின் 4.4 கோடிவரை பெருகியவை, 2009-10 குளிர்காலத்தில் ஏறத்தாழ ஒரு கோடி செத்து 3.3 கோடிக்குள் சுருங்கின. அந்த ஒரு குளிர்காலத்தில் சுமார் 9,000 குடும்பங்கள் ஓர் ஆடுகூட மிஞ்சாமல் இழந்தன.

## 3.3 கோடி எப்படி 7 கோடியானது?

என் பார்வையில் இந்த விவகாரத்தின் மையமே இந்தக் கேள்விதான். செய்திகளில் மிகக் குறைவாக இடம்பெறுவதும் இதுதான்.

1990 வரை மங்கோலியா சோவியத் ஆதரவுடன் நடந்த சோஷலிச நாடு. மேய்ப்பர்கள் ‘நெக்டெல்’ என்ற கூட்டுப்பண்ணைகளில் உறுப்பினர்கள். அந்த அமைப்பில் குறைகள் ஏராளம். தன் ஆடு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை மிகக் குறைவு. ஆனால் குளிர்காலத்துக்கு முன் வைக்கோல் வந்து சேரும். கிணறுகளைப் பராமரிக்க ஆள் இருந்தது, கால்நடை மருத்துவர் வருவார், இடம் மாற லாரி கிடைக்கும். எந்த நிலத்தை எந்தப் பருவத்துக்கு ஒதுக்குவது என்று முடிவு செய்யவும் ஓர் அமைப்பு இருந்தது.

1990-களின் தொடக்கத்தில் கூட்டுப்பண்ணைகள் கலைக்கப்பட்டு ஆடுமாடுகள் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. தொழிற்சாலைகளும் மூடிக்கொண்டிருந்த நேரம் அது. வேலை இழந்தவர்கள் மந்தைக்குத் திரும்பினார்கள். பத்தாண்டில் மேய்ப்பர் குடும்பங்கள் இரு மடங்குக்கும் மேல் பெருகின. ஆடு தனியார் சொத்தானது. மேய்ச்சல் நிலம் யாருக்கும் தனிச்சொத்தாகாமல் பொதுவாகவே நீடித்தது. ஒரு குடும்பம் 100 ஆட்டை 300 ஆக்கினால் லாபம் அதற்கு, தேயும் புல் எல்லாருக்கும். கிணறுகள் பாழடைய, தண்ணீர் இருக்கும் இடங்களில் மட்டும் மந்தைகள் குவிந்தன. பள்ளிக்கூடம், சந்தை, சாலை ஆகியவற்றை விட்டு வெகுதூரம் போகவும் குடும்பங்கள் தயங்கின. பல வீடுகளில் தாய் பிள்ளைகளின் படிப்புக்காக ஊரில் தங்க, தந்தை மட்டும் தனியாக மந்தையோடு குளிர்காலத்தைக் கழிக்கிறார்.

இதோடு சேர்ந்தது வெள்ளாட்டின் கம்பளி. இந்தியாவில் பஷ்மினா என்று விற்கும் நுண்கம்பளி வகைதான் கேஷ்மியர். அதன் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் மங்கோலியாவுக்கு. வசந்தத்தில் சீப்பால் வாரி எடுத்தால் ஒரு ஆட்டிலிருந்து சுமார் 300 கிராம் கச்சாக் கம்பளி கிடைக்கும். மேய்ப்பருக்கு ஆண்டில் மொத்தமாகக் காசு புழங்குவது அப்போதுதான். வங்கிக் கடனைக் கட்டுவதும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுவதும் அதிலிருந்துதான். 1990-ல் மந்தையில் ஐந்தில் ஒன்றாக இருந்த வெள்ளாடு, 2009-ல் 45 விழுக்காட்டை எட்டியது. மொத்த எண்ணிக்கை 2019-ல் 7 கோடியைத் தாண்டியது.

வெள்ளாட்டுக்குத் தோலடிக் கொழுப்பு செம்மறியைவிடக் குறைவு. பசித்தால் குளிரை முதலில் உணர்வது அதுதான். மேயும்போது புல்லை அடியோடு கடித்து வேரையும் ஆட்டிவிடும் என்பது மேய்ப்பர்களே சொல்லும் குறை. ஆக, காசு தரும் விலங்கே குளிர்காலத்தில் முதலில் விழும் விலங்காகவும் இருக்கிறது. பாதிக்கும் மேற்பட்ட மேய்ச்சல் நிலம் ஏதோ ஓரளவு சீர்குலைந்திருக்கிறது என்று அந்நாட்டு அரசின் அறிக்கைகளே ஒப்புக்கொள்கின்றன.

## பூமி சூடாகும்போது குளிர்காலம் ஏன் கொடுமையாகிறது?

1940-களிலிருந்து மங்கோலியாவின் சராசரி வெப்பநிலை 2 டிகிரிக்கு மேல் உயர்ந்திருக்கிறது. உலகச் சராசரியைவிட இது அதிகம். அப்படியானால் குளிர்காலம் எளிதாகியிருக்க வேண்டாமா?

சராசரி கூடுவதும் ட்ஸுட் வருவதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. கோடை சூடானால் மண்ணின் ஈரம் சீக்கிரம் ஆவியாகும். பெய்த மழையும் புல்லுக்குப் பயன்படாது. வெப்பமான காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும் என்பதால், குளிர்காலத்தில் அந்த ஈரம் வந்து சேரும்போது பனி கனத்து விழும். இடையில் ஒருநாள் திடீரென வெப்பம் ஏறி இறங்கினால் இரும்பு ட்ஸுட் உருவாகும்.

இன்னொரு காரணியும் உண்டு. வட துருவத்தைச் சுற்றி ஓடும் காற்றோட்டம் வலுவாக இருக்கும்வரை கடுங்குளிர்காற்று அதற்குள்ளேயே அடைபட்டிருக்கும். அது தளர்ந்தால் குளிர் தெற்கே வழிந்து வரும். 2009-10 குளிர்காலத்தில் அந்தத் தளர்ச்சி, 1950 முதலான பதிவுகளிலேயே மிக அதிகம். துருவப் பனி உருகுவதால்தான் இது நேர்கிறதா என்பதில் அறிவியலாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. எல்லாப் பனிப்புயலையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிடுவது சரியில்லை.

ஒன்று மட்டும் தெளிவு. பத்தாண்டுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த ட்ஸுட், 2024 வரையான பத்தாண்டில் ஆறு முறை வந்ததாக ஐ.நா. கணக்கிட்டிருக்கிறது. மந்தை தேறவே சில ஆண்டு பிடிக்கும். அந்த இடைவெளிதான் இப்போது கிடைப்பதில்லை.

## எது உதவுகிறது, எது உதவுவதில்லை?

பனிக்கு முன்பே பணம்: வானிலை அமைப்பும் ஆய்வாளர்களும் கோடை வறட்சி, புல்லின் அளவு, பனி முன்கணிப்பு ஆகியவற்றை வைத்து ட்ஸுட் அபாய வரைபடம் தயாரிக்கிறார்கள். அதில் சிவப்பாகத் தெரியும் வட்டாரங்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகள் முன்கூட்டியே பணமும் கால்நடைப் பராமரிப்புப் பொருட்களும் கொடுக்கின்றன. சாலை மூடியபின் அனுப்பும் உதவியைவிட இது பல மடங்கு மேல். எனினும், இது ஒரு குளிர்காலத்தைக் கடக்க மட்டுமே உதவும்.

காப்பீடு: 2006-ல் உலக வங்கியின் உதவியோடு ஒரு புதுவகைக் காப்பீடு தொடங்கி, 2012-க்குள் நாடு முழுக்க விரிந்தது. ஒருவருடைய ஆடு எத்தனை செத்தது என்று பார்த்து இழப்பீடு தருவதில்லை. அவருடைய வட்டாரத்தில் அந்த வகைக் கால்நடையின் மொத்தச் சாவு விகிதம் ஓர் அளவைத் தாண்டினால், காப்பீடு எடுத்த அனைவருக்கும் பணம். அக்கறையாகக் காப்பாற்றியவருக்கும் அதே தொகை கிடைப்பதால், சாகட்டும் என்று விட்டுவிட யாருக்கும் காரணமில்லை. சிறந்த யோசனை இது. ஆனால் வட்டாரம் தப்பி ஒருவர் பட்டி மட்டும் அழிந்தால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது.

மந்தையைக் குறைப்பது: இலையுதிர்காலத்தில், ஆடு கொழுத்திருக்கும்போதே, குளிர்காலம் தாங்காதவற்றைக் கழித்து இறைச்சிக்கு விற்பதுதான் மேய்ப்பர்களுக்கும் வல்லுநர்களுக்கும் தெரிந்த வழி. விற்பது எங்கே என்பதுதான் சிக்கல். கோமாரி நோய் அடிக்கடி தலைகாட்டுவதால் மங்கோலிய இறைச்சியைப் பல நாடுகள் வாங்குவதில்லை. உள்நாட்டில் எல்லாரும் ஒரே மாதத்தில் விற்றால் விலை விழுகிறது. அரசின் கொள்கையும் இரு பக்கம் இழுக்கிறது. மந்தை 1,000-ஐ எட்டியவருக்கு ‘ஆயிரம் தலை மேய்ப்பர்’ என்ற பட்டம் தரும் அதே அரசு, 2020-ல் தலைக்கு இவ்வளவு என்று கால்நடை வரிச்சட்டம் கொண்டுவந்தது. நல்ல விலைக்கு இறைச்சி விற்க வழி செய்யாமல் வரி மட்டும் போட்டால் மந்தை குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை.

## எல்லாம் இழந்தவர்கள் போகும் இடம்

2000-க்குப் பிறகு ஒவ்வொரு பெரிய ட்ஸுட்டுக்கும் பின் ஒரு ஊர்வலம் உலன்பத்தாரை நோக்கி வந்திருக்கிறது. நாட்டு மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இப்போது அந்த ஒரே நகரத்தில். கம்பளி போர்த்திய தங்கள் ‘கெர்’ கூடாரத்தை மடித்துக் கொண்டுவந்து, நகரைச் சூழ்ந்த குன்றுச் சரிவுகளில் வேலி போட்டு நிறுத்துகிறார்கள். குழாய்த் தண்ணீர் கிடையாது, கழிவுநீர்க் குழாய் கிடையாது, நகரின் வெந்நீர்ச் சூடேற்றக் குழாய்களும் அங்கே எட்டுவதில்லை. கூட்டம் தாங்காமல் 2017 முதல் 2020 வரை வெளியூரிலிருந்து நிரந்தரமாகக் குடியேறுவதற்கே தடை இருந்தது.

குளிர்காலத்தில் உலன்பத்தாரின் காற்று உலகிலேயே மோசமான காற்றுகளில் ஒன்றாவது இந்தச் சரிவுகளின் அடுப்புப் புகையால். 2019-ல் நகருக்குள் கச்சா நிலக்கரி எரிப்பதைத் தடைசெய்தார்கள். பதிலுக்குப் பதப்படுத்திய கரிக்கட்டிகள் மூட்டையாக விற்கின்றன. புல்வெளியில் அடுப்புக்கான எருவை மந்தையே கொடுத்துவந்தது, காசு செலவில்லை. இங்கே கரி மூட்டைக்கும் வண்டியில் வரும் தண்ணீருக்கும் ஒவ்வொரு வாரமும் காசு எண்ணிக் கொடுக்க வேண்டும். மேய்ப்பைத் தவிர வேறு தொழில் தெரியாத ஒருவர் அந்தக் காசை நாள்கூலியில் சம்பாதிக்க வேண்டும்.